வலப்பக்கம் உட்காருங்க

வொன்ஜு,
1999 மே 18

அன்புள்ள கொழுந்தனாருக்கு, உங்க அண்ணி ஓக்-நாம் எழுதுறது.

இங்க நான், பையன் ஜின்-உக், மருமக, பேத்தி சே-பொம் எல்லாரும் சௌக்கியம். உங்க ரத்த அழுத்தம் எப்படி இருக்கு? உங்க வீட்டுக்காரி சுக்-ஜாவோட முட்டி எப்படி? வீக்கத்தோடயே வயல்ல இறங்கியிருப்பா, அவளைத் தெரியாதா எனக்கு.

போன்ல சொன்னா பாதியில வச்சிடுறீங்க. கடிதத்தைப் பாதியில வைக்க முடியாது பாருங்க, அதான் எழுதுறேன். ஜூன் ஆறாம் தேதி உங்க அண்ணனோட மூணாவது வருஷத் திவசம். இந்தத் தடவை வீட்ல படையல் கிடையாது. நாங்க எல்லாரும் ரயிலேறி ஜோங்டோங்ஜின் கடற்கரைக்குப் போறோம்.

உட்கார்ந்துக்கிட்டீங்களா? உட்கார்ந்தே படிங்க.

இந்த வீட்டு மூத்த மருமகளா வந்த நாள்லேருந்து திவசத்துக்குச் சமைச்சுத்தான் கை தேஞ்சிருக்கு. ஆம்பளைங்க நீங்க வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு வரிசையா நின்னு விழுந்து கும்பிடுவீங்க. நானும் சுக்-ஜாவும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால, எண்ணெய் நாத்தத்தோட நிப்போம். நான் செஞ்ச படையல் முன்னாலேருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் புருஷனுக்கு வச்சதையும்தான் சொல்றேன்.

கல்யாணமான வாரமே கிழக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னார் உங்க அண்ணன். அந்த வாரம் உங்க தாத்தா திவசம். அடுத்த லீவுக்கு உங்க பாட்டி. அப்புறம் உங்க பெரியப்பா. செத்தவங்க எல்லாரும் லீவு பார்த்துத்தான் செத்திருக்காங்க உங்க குடும்பத்துல. கடைசி வரைக்கும் போகல.

நீங்களும் சுக்-ஜாவும் வாங்க. உங்க ஊர் போங்வா ஸ்டேஷன்லயே காலையில ரயில் இருக்கு, மாற வேண்டியதில்லை. கடல் தெரியணும்னா வலப்பக்கம் உட்காருங்க.

போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். அவர் சமாதிக்குப் பக்கத்துல எனக்குன்னு விட்டிருக்கிற இடத்துல களை மண்டிக் கிடந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்குங்க. உப்பைக் குறைங்க.

ஓக்-நாம்


போங்வா,
1999 மே 27

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு யாவரும் நலம். அங்கு குழந்தைகள் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. மற்ற விஷயங்களில் மகிழ்ச்சி இல்லை.

திவசம் என்பது உல்லாசப் பயணம் அல்ல. அண்ணன் ஆவி வீடு தேடி வரும் அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரையில் காற்று வாங்கப் போவதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. பங்காளிகள் காதுக்கு எட்டினால் என் முகத்தில் காறித் துப்புவார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொன்னவன் நான்.

மலையில் அண்ணன் பக்கத்து இடத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த இடம் திவசத்தை நடத்தும் மூத்த மருமகளுக்கு உரியது. நடத்தாதவருக்கு உரியதா என்பதைப் பங்காளிகள் கேட்பார்கள். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் வரவில்லை. தாங்களும் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ப்யோங்-ஹோ


வொன்ஜு,
1999 ஜூன் 11

கொழுந்தனாருக்கு,

நாங்க சுகம். சே-பொமுக்கு மட்டும் மூக்கு வெயில்ல உரிஞ்சிருக்கு. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க தொப்பி மறக்கக் கூடாது, நான் மறந்துட்டேன். சுக்-ஜா முட்டியைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே நீங்க?

போயிட்டு வந்தாச்சு. சொல்றேன், கேளுங்க.

ஜெச்சோன்ல ரயில் கொஞ்ச நேரம் நிக்குது. பிளாட்பாரத்துலயே சுடச்சுட நூடுல்ஸ் சூப் தர்றாங்க. ஊதிக் குடிச்சா ரயில் போயிடும், ஊதாமக் குடிச்சா நாக்கு போயிடும். ஜின்-உக் நாக்கை விட்டுட்டான். தோங்னி தாண்டினதும் மலை இறக்கத்துல ரயில் திடீர்னு பின்பக்கமா போகுது. பயந்துடாதீங்க. சரிவு அவ்வளவு செங்குத்து, முன்னும் பின்னுமா போய்த்தான் இறங்க முடியும். எதிர் சீட்டு ஆள் ஒருத்தர், "ஐயோ, டிரைவர் எதையோ மறந்துட்டு வந்துட்டாரு போல"ன்னார். மூணு வருஷத்துக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

ஸ்டேஷனே மணல்மேலதான் இருக்கு. இறங்கினா கடல். பாய் விரிச்சு, அவர் படத்தை வச்சு, அவருக்குப் பிடிச்சதை வச்சேன். மிளகாப்பொடி தூக்கலா போட்ட மீன் குழம்பு. ஒரு கிண்ணம் சோஜு சாராயம். அப்புறம் ஒரு டின் வெள்ளை பீச் பழம்.

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். திவசத்துல பீச் பழம் வச்சா ஆவி ஓடிப் போயிடும்பீங்க. ஆஸ்பத்திரியில கடைசி வாரம் அவர் தொண்டையில இறங்கினது அது ஒண்ணுதான் தம்பி. கரண்டியால நான்தான் ஊட்டினேன். செத்துட்டா மனுஷனுக்கு நாக்கு மாறிடுமா?

அப்புறம் நானே முன்னால நின்னு விழுந்து கும்பிட்டேன். மருமகளும் கும்பிட்டா, பேத்தியும் கும்பிட்டா. படையல் முன்னாலேருந்து பார்க்க அழகாத்தான் இருக்கு. இவ்வளவு நாள் நீங்க மட்டும் பார்த்திருக்கீங்க.

இப்ப மலை விஷயம். பூசி மெழுகாமச் சொல்றேன். அந்த இடம் எனக்கு வேணும். அவர் பக்கத்துல படுக்கணும். "நீ மெதுவா வா, நான் இடம் பிடிச்சு வைக்கிறேன்"னு அவர் சொல்லிட்டுப் போனார். ஆனா அதைக் காட்டி என்னை அடுப்படிக்குள்ள திரும்பத் தள்ளலாம்னு நினைச்சீங்கன்னா, அந்தப் பருப்பு வேகாது.

ஓக்-நாம்

பி.கு.: மணல்ல உட்கார நெகிழிப் பாய் போதாது, ஈரம் ஏறுது. அடியில அட்டை போடணும்.


போங்வா,
1999 ஜூன் 24

அண்ணி அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பீச் பழம்! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். சொந்த அண்ணனைத் திவசத்தன்று விரட்டியடித்த வீடு என்று எங்கள் வீட்டைச் சொல்ல வைத்துவிட்டீர்கள். மிளகாய்ப்பொடி வேறு.

இனி அப்பாவின் திவசம், அறுவடைத் திருநாள் படையல் எல்லாம் என் வீட்டில் முறைப்படி நடக்கும். தாங்கள் சிரமப்பட வேண்டாம். நவம்பர் 21 அன்று மலையில் மூதாதையர் அனைவருக்குமான பொதுப் படையல். அது முடிந்ததும் பங்காளிகள் கூடி அண்ணன் பக்கத்து இடத்தைப் பற்றி முடிவெடுப்பார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினால் நான் பேசிச் சரிசெய்கிறேன். ஒரே ஒரு வரி.

ப்யோங்-ஹோ


வொன்ஜு,
1999 ஆகஸ்ட் 25

கொழுந்தனாருக்கு,

மழை விட்டாச்சா அங்க? இங்க நாங்க நல்லாருக்கோம். ஒரு வரி கேட்டிருந்தீங்க. யோசிச்சு யோசிச்சு ரெண்டு மாசம் ஆயிடுச்சு, அந்த வரி வரவே மாட்டேங்குது. அதுக்குப் பதிலா இன்னொரு ஊரைப் பத்திச் சொல்றேன்.

மாமனார் திவசத்தன்னிக்கு நாங்க தன்யாங் போனோம். பூண்டுக்குப் பேர் போன ஊர். சோறு, கறி, அடை எல்லாத்துலயும் பூண்டு. படையல்ல பூண்டு ஆகாதுன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தவர் உங்க அப்பா. ஆனா அடுப்படிக்கு வந்து, "யாரும் பார்க்கல, ரெண்டு பல்லு சுட்டுத் தாம்மா"ன்னு என்கிட்ட கேட்டு வாங்கித் தின்னவரும் அவர்தான். உங்களுக்குத் தெரியாது. அடுப்படிக்கு நீங்க வந்ததில்லையே.

அங்க இருக்கிற குகைக்குள்ள வருஷம் பூரா குளிரு, சட்டை ஒண்ணு கூட எடுத்துட்டுப் போகணும். இரும்புப் படி ரொம்பக் குறுகல், தலையில தண்ணி சொட்டும். முட்டி வலிக்காரங்களுக்கு அது வேண்டாம். ஆத்தங்கரையில உட்கார்ந்துக்கலாம், அங்க காத்து நல்லாருக்கு.

அன்னிக்கு உங்க வீட்ல முறைப்படி நடந்திருக்கும். அத்தனை அடையையும் தரையில மடக்கி உட்கார்ந்து சுட்டது யாரு? எட்டுக்கால் கணவாயைத் தூக்கிக் கொதிக்க விட்டது யாரு? பதில் எழுதுங்க. நானும் ஒரே ஒரு வரிதான் கேட்கிறேன்.

ஓக்-நாம்


போங்வா,
1999 செப்டம்பர் 29

அண்ணி அவர்களுக்கு,

நலம். திருநாள் படையல் நன்றாக நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். எட்டுக்கால் கணவாய் மட்டும் சற்று அழுத்தமாக இருந்ததாகப் பெரியவர் ஒருவர் சொன்னார். மற்றபடி குறையில்லை.

நவம்பர் 21-ஐ நினைவூட்டுகிறேன்.

ப்யோங்-ஹோ


போங்வா,
1999 அக்டோபர் 13

அக்காவுக்கு, சுக்-ஜா எழுதுறேன்.

நல்லாருக்கீங்களா? சே-பொம் வளர்ந்துட்டாளா? நான் உங்களுக்குக் கடிதம் எழுதினதே இல்லை, எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்குங்க. போன் கூடத்துல அவர் பக்கத்துலயே இருக்கு, அதான்.

உங்க கடிதமெல்லாம் அவர் படிச்சுட்டு அலமாரி மேல வைப்பார். அவர் தூங்கினதும் எடுத்துப் படிப்பேன். ரயில் பின்னால போறதை மட்டும் நாலைஞ்சு தடவை படிச்சுட்டேன்.

என் முட்டியை ஏன் கேட்டுட்டே இருக்கீங்கக்கா? யாரும் கேட்காம இருந்தப்ப எனக்கு அழுகை வந்ததில்லை. மாமா திவசத்தன்னிக்கு எழுந்திரிக்க முடியாம அடுப்பு பக்கத்துலயே முழங்கால் போட்டு நகர்ந்தேன். திருநாளுக்கும் அப்படித்தான். கணவாய் அழுத்தமா இருக்குன்னு அந்தப் பெரியவர் சொன்னப்ப இவர், "அடுத்த தடவை கவனமா இரு"ன்னார். அவ்வளவுதான்.

நவம்பர்ல பொதுப் படையல். உங்க இடத்தை எடுத்துடப் போறாங்க அக்கா. அதுக்கு விருந்து நான் சமைக்கணும். உங்களைத் தூக்கிப் போடுறதுக்கு நான் அடை சுடணும். நெஞ்சு ஆறலை.

அந்த ரயில் போங்வாவுல எத்தனை மணிக்கு நிக்குது? உள்ள கழிப்பறை உண்டா? பதிலை வீட்டுக்குப் போடாதீங்க. கடைத்தெருவுல எனக்கு முடி சுருட்டி விடுற கடை இருக்கே, அந்த முகவரிக்குப் போடுங்க. கடைக்காரி நம்ம ஆளு.

சுக்-ஜா


வொன்ஜு,
1999 அக்டோபர் 17

என் தங்கமே, சுக்-ஜா,

நான் நல்லாருக்கேன்டி. உன் கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்புல வச்ச பாலைப் பொங்க விட்டுட்டேன்.

முழங்கால் போட்டு நகர்ந்தியா? முப்பத்தாறு வருஷம் நான் நகர்ந்தேன், போதாதா? அந்த மனுஷனை நினைச்சா எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இந்தக் கடிதமே பத்திக்கும்.

சரி, ரயில் விஷயம். இருபத்தொண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமைதான், காலை ஏழரைக்கு உங்க ஸ்டேஷனுக்கு வருது. முதல் நாளே டிக்கெட் எடுத்துடு. வலப்பக்கம்னு கேட்டு வாங்கு. கழிப்பறை இருக்கு, ஆனா மலை இறங்கும்போது போகாதே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். இடுப்புல நாடா வச்ச கால்சட்டை போடு. ரெண்டு காலுறை. நவம்பர்க் காத்து கடல்ல கத்தி மாதிரி அறுக்கும், நெஞ்சுல சட்டைக்குள்ள செய்தித்தாளை மடிச்சு வச்சுக்கோ, அதை மிஞ்சின கம்பளி இல்லை. அவிச்ச முட்டை எடுத்துட்டு வா, ஆரஞ்சு நான் கொண்டு வர்றேன். கடற்காகம் கையில இருக்கிறதைப் பிடுங்கிட்டுப் போகும், உஷார். படி கிடையாது. முட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கு, பத்தடி நட, உட்காரு.

நான் பிளாட்பாரத்துல நிப்பேன். ஆனா ஒண்ணு, எனக்காக வராதே. மலை இடம் போனா போகட்டும், அழுதுட்டு இருந்துக்குவேன். உனக்காக வா.

அக்கா


போங்வா,
1999 நவம்பர் 8

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமா?

முடி சுருட்டுற கடையில உங்க கடிதத்தைப் படிச்சுட்டிருந்தப்ப பங்காளி வீட்டுப் பொண்டாட்டிங்க ரெண்டு பேர் தலையில சுருளோட உட்கார்ந்திருந்தாங்க. "என்னடி சிரிக்கிறே?"ன்னாங்க. காட்டிட்டேன். நெஞ்சுல செய்தித்தாள் வைக்கிற இடம் வந்ததும் ஒருத்தி, "என் புருஷன் நாள் பூரா பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிற பேப்பருக்கு இப்பவாவது ஒரு உபயோகம்"ன்னா. கடைக்காரி கத்திரிக்கோலைக் கீழ போட்டுட்டு சிரிச்சா.

இப்ப ஏழு பேர். பொதுப் படையலுக்குச் சமைக்கிறவங்க மொத்தமே ஏழு பேர்தான் அக்கா.

ஏழு பேரும் வலப்பக்கம் உட்கார முடியுமா?

சுக்-ஜா


போங்வா,
1999 நவம்பர் 26

அண்ணி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும். அன்று இரவு சுக்-ஜாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இங்கு நலம் என்று எழுத என்னால் முடியவில்லை, ஆனாலும் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

21-ஆம் தேதி காலை எழுந்தபோது அடுப்படியில் விளக்கு இல்லை. மேஜை மேல் கணவாய் பச்சையாகக் கிடந்தது. பக்கத்து வீடுகளிலும் அப்படியே. பங்காளிகள் பதினைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். படையலை நிறுத்தக் கூடாது என்று நானே கணவாயை வேகவைத்தேன். எவ்வளவு நேரம் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. மலையில் வைத்துக் கும்பிட்டபின் பெரியவர் ஒரு துண்டைக் கடித்தார். பல் செட் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம். மலையில் இதுவரை அப்படி நடந்ததில்லை.

இரவு அவள் காலுறையில் மணலோடு வந்தாள். நான் கத்தினேன், அதை மறைக்கவில்லை. கத்தி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அக்காவுக்கு இடம் இல்லாத மலையில எனக்கும் இடம் வேண்டாங்க. நீங்க தனியாப் படுத்துக்குங்க. ஏழு பேரும் அவங்கவங்க வீட்ல இதையே சொல்லிக்கிட்டிருக்கோம் இப்ப." சொல்லிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

தனியாக என்ற சொல் என்னை விடவில்லை, அண்ணி.

பங்காளிகள் மறுபடியும் கூடினார்கள். யாரும் அண்ணன் பக்கத்து இடத்தைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. எடுத்தவன் வீட்டில் சோறு இருக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நேற்று நான் மட்டும் மலைக்குப் போனேன். அண்ணன் பக்கத்து இடத்தில் மறுபடியும் களை. வெட்டிவிட்டு வந்தேன். வழக்கம் வழக்கம்தான், அதில் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணனுக்கு உண்மையிலேயே பீச் பழம் அவ்வளவு பிடிக்குமா? ஐம்பது வருஷம் தம்பியாக இருந்தேன். எனக்குத் தெரியாது.

சுக்-ஜாவை வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன். அடுத்த ஜூனில் அவள் எப்படியும் வரப்போகிறாளாம். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அந்த ரயிலில் எந்தப் பக்கம் என்றீர்கள்?

ப்யோங்-ஹோ


வொன்ஜு,
1999 டிசம்பர் 2

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உங்க கடிதத்தை சே-பொம் சத்தமாப் படிச்சா. பல் செட் வந்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். களை வெட்டின இடத்தை நானே தனியாப் படிச்சுக்கிட்டேன்.

பீச் பழம் உயிர் அவருக்கு. டின்ல இருக்கிற தண்ணியைக்கூட விட மாட்டார். நீங்க வர்றப்ப ரெண்டு டின் வாங்கிட்டு வாங்க, உங்க கையால திறந்து வைங்க. அவர் ஓடிப் போறாரா பார்ப்போம்.

எட்டுக்கால் கணவாய்க்கு, தண்ணி நல்லாக் கொதிக்கணும். முதல்ல காலை மட்டும் ரெண்டு மூணு தடவை முக்கி எடுங்க, சுருளும். அப்புறம் முழுசா விடுங்க. நிறம் செவந்து இறுகினதும் எடுத்துடுங்க, வேடிக்கை பார்த்துட்டு நிக்காதீங்க. இனிமே உங்களுக்கு அது தேவைப்படும்.

ரயில்ல வலப்பக்கம். ஜன்னலோரம் சுக்-ஜா உட்காரட்டும், நீங்க நடையோரம் உட்காருங்க.

அண்ணி